கார்னிடின் அக்காவும் கொழுத்துச் செத்த புழுக்களும்

புழு கொழுத்துச் சாக வேண்டும் என்று கோயிலில் அர்ச்சனை செய்த ஒரே ஜீவன், எனக்குத் தெரிந்து இந்தக் காவிரிக் கரையில் எங்கள் கார்னிடின் அக்காதான். அந்தச் சாதனையை இதுவரை யாரும் முறியடித்ததாகத் தகவல் இல்லை. இனிமேலும் முறியடிக்க மாட்டார்கள் என்று துணிந்து எழுதுகிறேன்.

தேங்காய் பழத் தட்டோடு பக்கத்தில் நின்றவள் நான். குருக்கள் வழக்கம்போல் கேட்டார்.

“யார் பேருக்கும்மா?”

“எல்-கார்னிடின்.”

குருக்கள் கொஞ்சம் தயங்கினார். “நட்சத்திரம்?”

“தெரியாதுங்க சாமி. லைசின், மெத்தியோனின்னு ரெண்டு பேருக்குப் பொறந்தவரு. பொறந்த இடம் கல்லீரல். கிட்னியிலயும் பொறப்பாரு.”

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் தூங்காமணி விளக்கைப் பார்த்தேன். “சுவாமி பேருக்கே பண்ணிடறேன்” என்று பிரச்சினையை மேலிடத்துக்குத் தள்ளிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அக்காவுக்கு அதில் பெரிய மனத்தாங்கல். “ஊர்ல உள்ள எல்லா உசுருக்கும் ஒழைக்கிறாரு. அவரு பேருக்கு ஒரு தடவை பண்ணா கொறஞ்சா போயிடும்?” என்று பிரகாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் நிஜப் பெயரை இங்கே எழுதினால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். எழுதினாலும் பயனில்லை, அந்தப் பெயர் கல்லூரியில் யாருக்கும் தெரியாது. தஞ்சாவூரில் நான் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் சேர்ந்தபோது, மகளிர் விடுதியில் எனக்குக் கிடைத்த அறைத்தோழி அவள். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். நான் பெட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. கட்டிலிலிருந்து கேள்வி வந்தது.

“கறி சாப்பிடுவியா?”

“சாப்பிடுவேன்க்கா.”

“ஆடா, கோழியா?”

“எது கெடைச்சாலும்.”

“ஆடுன்னா நல்லது. சிவப்புக் கறியிலதான் அவரு நெறய இருப்பாரு. கோழி, மீன்ல கம்மி. அரிசி, காய்கறியில இல்லன்னே சொல்லலாம். ஆனா பயப்படாத, நம்ம ஒடம்பே தயார் பண்ணிக்கும்.”

“யாரக்கா?”

அந்த ‘யாரக்கா’வுக்கு அவள் பதில் சொல்லி முடித்தபோது மெஸ்ஸில் இட்லி தீர்ந்துபோயிருந்தது.

எல்-கார்னிடின் என்பது நம் எல்லோர் உடம்பிலும் இருக்கும் ஒரு சின்ன மூலக்கூறு. பாடப் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம்தான் ஒதுக்கீடு. கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை என்று போட்டிருக்கும். நாங்களும் அதை அப்படியே எழுதி, மார்க் வாங்கி, மறந்துவிடுகிற ரகம். அக்காவிடம் அந்த அரைப் பக்கம் அகண்ட காவிரியாக ஓடும்.

“கொள்முதல் நிலையத்துல நெல்லு மலையாட்டம் குமிஞ்சு கெடக்குன்னு வெச்சுக்க. அதுதான் கொழுப்பு. அந்தாண்ட அரவை மில்லு. அதுதான் மைட்டோகாண்ட்ரியா. அங்க அரைச்சாத்தான் சோறு, தெம்பு எல்லாம். நடுவுல ஒரு கேட்டு இருக்கு. நெல்லு தானா நடந்து உள்ள போவுமா?”

“போவாதுக்கா.”

“தூக்கிட்டுப் போக ஆளு வேணும்ல? அந்த லோடுமேன்தான் எல்-கார்னிடின். மூட்டையத் தோள்ல வாங்குவாரு. கேட்டத் தாண்டி உள்ள எறக்குவாரு. வெறுங்கையோட வெளில வந்து அடுத்த மூட்டைக்குத் தோளக் குடுப்பாரு. அவரு வரலன்னா வெளில நெல்லு குமிஞ்சு கெடக்கும், உள்ள மில்லு பட்டினி கெடக்கும்.”

கவனித்தீர்களா? கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலக்கூறு அவளுக்கு ‘அவரு’. எங்கள் துறைத் தலைவர் ‘அந்த ஆளு’.

வெறுமனே கார்னிடின் என்று சொன்னால் கோபம் வந்துவிடும். “எல் அவரோட இனிஷியல். இனிஷியல் இல்லாம கூப்புடாத. கண்ணாடியில பாக்குற மாதிரி இதே மொகஜாடையில டி-கார்னிடின்னு ஒருத்தன் இருக்கான். கேட்டு வாசல்ல வந்து நிப்பான். மூட்டையத் தூக்க மாட்டான், தூக்க வர்றவருக்கும் வழி விட மாட்டான்.”

“அந்த மாதிரி ஆளு எல்லா ஆபீஸ்லயும் இருப்பாங்கக்கா.”

“நம்ம டிபார்ட்மெண்ட்லயே இருக்காங்க” என்றாள் சத்தமாக. அந்த நேரம் பார்த்துத் துறைத் தலைவர் வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். அவர் நடையில் ஒரு சின்னத் தடுமாற்றம் தெரிந்தது.

ஆராய்ச்சிக்கான சுத்தமான எல்-கார்னிடின் வெள்ளைப் பொடியாகச் சின்ன பாட்டிலில் வரும். அதற்கு ஈரக் காற்று ஆகவே ஆகாது. மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று இளகிவிடும். ஐப்பசி அடைமழையில் மெஸ்ஸில் உப்பு ஜாடியே நீர்விட்டு அழுகிற ஊர் இது. அக்கா சும்மா இருப்பாளா? கீழ வாசல் பக்கம் செருப்புக் கடை கடையாக ஏறி இறங்கினாள்.

“செருப்பு வேணாங்கண்ணே. பொட்டிக்குள்ள ஈரத்த உறிஞ்சுற பொட்டலம் இருக்கும்ல, அத மட்டும் குடுங்க.”

“செருப்பு?”

“அத நீங்களே வெச்சுக்குங்க.”

ஒரு பை நிறையப் பொட்டலம் சேர்த்துக்கொண்டு வந்தாள். அவற்றை அப்பளம் போடுகிற சம்படத்தில் நிரப்பி, நடுவில் பாட்டிலைக் குடிவைத்தாள். மழைக்காலத்தில் எங்கள் அறையில் நான், என் துணிகள், என் புத்தகங்கள் எல்லாம் நனைந்தோம். நனையாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

உடற்பயிற்சிக் கூடத்துச் சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு ஜிம் இருந்தது. கார்னிடின் குடித்தால் கொழுப்பு கரையும் என்று வாசலில் போர்டு. நாங்கள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். போர்டைப் பார்த்ததும் அக்கா பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். கட்டுமஸ்தான நான்கைந்து பையன்கள் எடையைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இத யாரு குடிக்கிறா?” என்றாள்.

“எல்லாருந்தான் மேடம்” என்றார் ஜிம் முதலாளி, வியாபார முகத்தோடு.

“லோடுமேன் நூறு பேரக் கொண்டாந்து கேட்ல நிறுத்திட்டா நெல்லு தானா அரைஞ்சிடுமா? மில்லு ஓட வேணாமா? நல்லா இருக்கிற ஒடம்புல அவரு தேவையான அளவு ஏற்கெனவே இருக்காரு. பொறவியிலயே கொறைபாடு உள்ளவங்க, டயாலிசிஸ்ல இருக்கிறவங்கன்னு சில பேருக்கு டாக்டர் பாத்து எழுதிக் குடுப்பாங்க. உங்க பசங்களுக்கு எதுக்கு? ஓடச் சொல்லுங்க. நீங்க ஓடுறீங்களா?”

முதலாளி தன் தொப்பையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். பையன்களில் ஒருவன் சிரித்துவிட்டான். மறுவாரம் போனபோது போர்டு இல்லை. முதலாளி ஸ்டேடியத்தைச் சுற்றி ஓடுவதைப் பார்த்ததாக எங்கள் வாட்ச்மேன் சொன்னார். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு ஆராய்ச்சி மட்டும் நகரவே இல்லை. அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. கறி வாங்க வசதியில்லாத டெல்டா குடும்பங்களின் சாப்பாட்டில் எதில் எவ்வளவு கார்னிடின் இருக்கிறது? பழைய சோறு, உளுந்து, வாய்க்கால் நத்தை, வயல் நண்டு, கெண்டை மீன். கார்னிடினை அளப்பதற்கென்று பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்து அந்த இயந்திரத்தில் கொடுத்தால், எந்தக் கொழுப்பு கார்னிடினோடு ஒட்டிக்கொண்டு தேங்கி நிற்கிறது என்று காட்டிவிடும். அதை வைத்துப் பிறவிக் கோளாறைக் கண்டுபிடிக்கிறார்கள். “கேட்ல எந்த மூட்டை தேங்குதுன்னு பாத்தா, மில்லுல எந்த மிஷினு ரிப்பேருன்னு சொல்லிடலாம்” என்பாள். ஆனால் எங்கள் துறையில் அந்த இயந்திரமே ரிப்பேர். மெக்கானிக் இதோ வருகிறார், அதோ வருகிறார் என்று காலம் போய்க்கொண்டிருந்தது.

அக்கா காத்திருக்கவில்லை. இயந்திரம் வராத காலத்து முறை ஒன்றைத் தோண்டி எடுத்தாள். மாவில் வளரும் ஒருவகைப் புழு இருக்கிறது. பறவைக்கும் மீனுக்கும் தீனியாக விற்பார்கள். நமக்குக் கார்னிடினைத் தானே செய்துகொள்ளும் உடம்பு வாய்த்திருக்கிறது. அந்தப் புழுவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. ஆகவே கார்னிடின் துளியும் இல்லாதபடி கலந்த மாவில் அதைச் சேர்த்தால் புழு வளரும், சேர்க்காவிட்டால் சில வாரங்களில் செத்துப்போகும். அதுவும் எப்படி? பட்டினி கிடந்த மாதிரி மெலிந்து சாகாது. உடம்பில் கொழுப்பு இருக்கும், அதை எரிக்கத் தெரியாமல் கொழுகொழுவென்றே சாகும். மாவில் நத்தைச் சாற்றையோ உளுந்துச் சாற்றையோ கலந்து, புழு எவ்வளவு வளர்கிறது என்று நிறுத்துப் பார்த்தால், அதில் எவ்வளவு கார்னிடின் என்று தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அடிப்படை, கார்னிடினே போடாத டப்பாவில் புழு கொழுத்துச் சாக வேண்டும். அது சாகாவிட்டால் சோதனை செல்லாது.

துறையில் புழுவுக்கு இடம் கிடையாது என்றுவிட்டார்கள். டப்பாக்கள் எங்கள் கட்டிலுக்கு அடியில் வந்தன. எல்லாம் மூடியில் ஓட்டை போட்ட ஸ்வீட் ஸ்டால் டப்பாக்கள். வார்டனுக்குத் தெரியாது. எனக்குத் தூக்கம் கிடையாது. அக்காவுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

ஆனால் ஒரு கவலை அவளுக்கு இருந்தது, அதை அவள் சொல்ல மாட்டாள். பதிவுக் காலம் ஏற்கெனவே நீட்டித்து நீட்டித்து முடியப்போகிறது. அவளுடைய கைடு ஓய்வு பெறப்போகிறார். இந்தத் தடவை முடிவு வராவிட்டால் பட்டம் இல்லை, பட்டம் இல்லாவிட்டால் வேலை இல்லை. அவள் வேலைக்குப் போவதை நம்பி ஊரில் ஒரு வீடே காத்துக்கொண்டிருந்தது.

அந்த வீட்டிலிருந்துதான் ஒரு நாள் காலை பஸ்ஸில் அம்மா வந்தாள். குத்தாலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மகளுக்குப் பிடிக்குமே என்று கெண்டை மீன் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் வகுப்பில், அக்கா லேபில். வாட்ச்மேன் அறையைத் திறந்துவிட்டிருக்கிறார். மத்தியானம் நாங்கள் இருவரும் வந்தபோது அறை கோலம் போடாத குறையாகப் பளபளவென்று இருந்தது. கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள் இல்லை.

“வாடி, வாம்மா” என்று மொட்டைமாடியிலிருந்து அம்மாவின் குரல்.

மாடியில் ஒரு வெள்ளை வேட்டி விரித்து, மாவு மெல்லிசாகப் பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா கையில் மெஸ்ஸிலிருந்து வாங்கிய சல்லடை. தண்ணீர்த் தொட்டியின் மேல் தஞ்சாவூர் மைனாக்கள் அத்தனையும், பந்தியிலிருந்து எழுந்த திருப்தியோடு உட்கார்ந்திருந்தன.

“ஏண்டி, இம்புட்டு மாவையும் புழு வெக்க விட்டுட்டு என்னடி படிக்கிற? நல்லவேளை நான் வந்தேன். எல்லாத்தையும் சலிச்சு, வெயில்ல போட்டுட்டேன். வேப்பெலையும் காஞ்ச மொளகாயும் போட்டு மூடி வெச்சுக்க, இனிமே ஒரு வண்டு அண்டாது. எதுக்குத் தனித்தனி டப்பா? எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டிட்டேன், எடமாவது மிச்சமாவும்.”

அக்கா வேட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து, மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நல்லா சலிச்சிருக்கம்மா” என்றாள். “கட்டி, தட்டி ஒண்ணுமில்ல.”

அறைக்கு வந்து தட்டு போட்டு உட்கார்ந்தாள். அம்மா மீன் குழம்பை ஊற்றினாள். அக்கா சோற்றைப் பிசைந்தாள், பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள். ஒரு வாய் வைக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

“அம்மா, அந்தப் புழுதாம்மா பரீட்சையே” என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குப் புரிய நேரமாகவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கேட்டாள்.

“எத்தினி புழு வேணும்? சொல்லு. நான் கெடுத்தத நானே வளத்துக் குடுக்குறேன்.”

அந்த அம்மாவுக்குத்தான் இவள் மகள் என்பதில் எனக்கு அதற்குமேல் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் கைடு அறை. நான் வாசலில் காவல். கைடு கும்பகோணத்துக்காரர், சிரிப்பதற்குக் கூட மேலிட அனுமதி வேண்டும் என்பவர்.

“நீட்டிப்புக்கு என்ன காரணம்னு எழுதறது?”

“உள்ளத எழுதுங்க சார். எங்கம்மா சலிச்சுட்டாங்க.”

கைடு கண்ணாடியைக் கழற்றினார். ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள்பட்டை குலுங்கியது. திட்டப்போகிறார் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“எங்கம்மாவா இருந்தாலும் சலிச்சுத்தாம்மா இருப்பாங்க” என்றார். “நொச்சியும் சேத்துப் போட்டிருப்பாங்க.”

‘மாதிரிகள் எதிர்பாராத துப்புரவுப் பணியால் சேதமடைந்தன’ என்று எழுதி, எங்கெங்கோ பேசி, கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுத்தார். “இதுக்கு மேல என்னால முடியாது. பாத்துக்க” என்றும் சொன்னார். மாடியில் மைனாக் கூட்டத்தைக் கண்டு விஷயத்தைத் துப்பறிந்துவிட்ட வார்டன், விடுதியில் இனி ஒரு புழு நுழையக் கூடாது என்று தடை போட்டார். ஆகவே புழுக்கள் குத்தாலம் பக்கம் குடிபெயர்ந்தன.

எந்த டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை. மூடியில் கட்டிய நூலின் நிறம்தான் அடையாளம். “வளக்குறவங்களுக்கு எது எதுன்னு தெரியாம இருக்குறதுதான் ஆராய்ச்சிக்கு நல்லது” என்று அக்கா விளக்கினாள். “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறத மொத மொதல்ல நல்லதுன்னு சொன்னவ நீதாண்டி” என்றாள் அம்மா. அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பியது. டாக்டருக்குப் படிக்கிற பெண்ணின் வீட்டில் மாவெல்லாம் புழுவாமே என்று ஒருத்தி வேலியோரம் வந்து விசாரித்தாள். “அது படிச்ச புழு. உன் வீட்டுப் புழு மாதிரின்னு நெனச்சியா?” என்று அம்மா கேட்டதோடு விசாரணை முடிந்தது.

வாரக் கடைசியில் அக்கா போய் ஒவ்வொரு டப்பாவாக எடை போட்டு வருவாள். ஒரு தடவை என்னையும் கூட்டிப்போனாள். சாயங்காலம் அவளுடைய அப்பா வந்தார். தலையில் சுருட்டிய துண்டு, முதுகு முழுக்கச் சாக்குத் தூசி. கொள்முதல் நிலையத்தில் லோடுமேன். வந்ததும் சுவரில் சாய்ந்து, வலது தோளை இடது கையால் பிடித்து அமுக்கிக்கொண்டார்.

“தோளு முன்ன மாதிரி இல்லம்மா” என்றார் என்னிடம், ஏதோ அவர் தப்பு மாதிரி. “பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் தாங்கிட்டாப் போதும்.”

அக்கா தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. மூலக்கூறை அவள் ஏன் ‘அவரு’ என்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. மஞ்சள் நூல் டப்பாவில் புழுக்கள் சோர்ந்துவிட்டன. அம்மாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. தினமும் போன்.

“ஏண்டி, மஞ்ச நூலு மட்டும் சுருண்டு சுருண்டு கெடக்குடி. ஒரு கைப்பிடி தவிடு போடவா?”

“அம்மா! தொடாத!”

“உசுருடி. ஒரே ஒரு சிட்டிகை.”

“நீ போட்டின்னா என் படிப்பு போச்சு.”

கார்னிடின் சேர்க்காத டப்பா அதுதான் என்று சொல்லவும் முடியாது, சொல்லாமல் அம்மாவின் கையைத் தடுக்கவும் முடியாது. வேற்றுத் தீனி ஒரு துளி விழுந்தாலும் எல்லாம் பாழ். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா கோயிலுக்குக் கிளம்பினாள். நீங்கள் முதலில் பார்த்த அர்ச்சனை அதுதான்.

சுவாமி தன் பெயரில் நடந்த அர்ச்சனையைத் தவறாமல் உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாபநாசம் தாண்டும்போது போன் வந்தது. பஸ் சத்தத்தில் அக்கா கத்தித்தான் பேசினாள்.

“எல்லாருமா? ஒருத்தர்கூட மிச்சமில்லையா? … நல்லாப் பாத்தியா? … மெலிஞ்சா, கொழுத்தா? … கொழுத்துத்தான செத்தாங்க? … தவிடு போடலல்ல? சத்தியமா? … பச்ச நூலு, செவப்பு நூலு எல்லாம் நல்லாருக்காங்கல்ல? … ஐயோ, ரொம்ப சந்தோஷம்மா!”

பக்கத்து சீட்டுப் பெரியவர் மெதுவாக எழுந்து, முன்பக்கம் போய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். “ஒண்ணுமில்லண்ணே, புழு” என்றேன். அவர் அதைக் கேட்டு நிம்மதி அடைந்ததாகத் தெரியவில்லை. அக்கா கையிலிருந்த கல்யாணத் தாம்பூலப் பையைப் பிரித்து, அதிலிருந்த லட்டை விண்டு அக்கம்பக்கத்து சீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். ஒரு குழந்தையைத் தவிர யாரும் சாப்பிடவில்லை.

பட்டம் உறுதியாவதற்குக் கடைசிப் படி வாய்மொழித் தேர்வு. கல்லூரிக் கருத்தரங்க அறையில் எல்லோர் முன்னிலையிலும் நடக்கும். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். முன்வரிசையில் பேராசிரியர்கள், நடுவில் நாங்கள். கடைசி வரிசையில் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் அப்பா, பக்கத்தில் அம்மா, அம்மாவின் காலடியில் துணியால் வாய் கட்டிய ஒரு பெரிய பாயச அண்டா.

அக்கா மேடையில் பிரமாதப்படுத்தினாள். சோற்றிலும் உளுந்திலும் கார்னிடின் ஏதோ புழு பிழைத்துக் கிடக்கிற அளவுக்குத்தான், நத்தையும் நண்டும் கொஞ்சம் கொடுக்கின்றன, மீதியை உடம்பே தயாரித்துக்கொள்கிறது, தயாரிப்பதற்கு வேண்டிய லைசின் என்ற அமினோ அமிலம் அரிசியில் குறைவு, சம்பா அறுத்த வயலில் விதைக்கிற உளுந்தில் நிறைய என்று படம் படமாகப் போட்டாள். டி-கார்னிடின் பற்றித் தேர்வாளர் கிடுக்கிப்பிடி போட்டார். அவள் துறைத் தலைவரைப் பார்க்காமலேயே பதில் சொன்னாள். அவ்வளவு கட்டுப்பாட்டை நான் அவளிடம் எதிர்பார்க்கவில்லை. “எல்லாருக்கும் புரியற மாதிரி ஒருமுறை சொல்லுங்களேன்” என்றார் தேர்வாளர். கொள்முதல் நிலையம், மூட்டை, கேட்டு, மில்லு எல்லாம் வந்தது. கடைசி வரிசையில் அப்பா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்” என்றார் தேர்வாளர். இது ஒரு சம்பிரதாயம். யாரும் கேட்டதில்லை, சமோசா ஆறிவிடும். அன்றைக்குக் கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். கேக்கலாமுங்களா?”

“தாராளமா கேளுங்க.”

அப்பா எழுந்து, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையைப் பார்த்தார். சபையில் மகளை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் மரியாதையாகவே ஆரம்பித்தார்.

“மூட்டைய உள்ள எறக்கிட்டு அவரு வெறுங்கையோட வெளில வர்றாருன்னு சொன்னீங்க. பொழுதன்னைக்கும் அதே வேலைதான். சரிங்க. ஓஞ்சுபோயி ஒரு நா அவரு வெளில போயிட்டாருன்னா… அவர யாரு பாத்துப்பா?”

அறையில் சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“ஒடம்பு அவர லேசுல வெளில விடாதுப்பா” என்றாள். “ரத்தத்தோட கிட்னி வரைக்கும் போவாரு. வெளில போயிடுவாருன்னுதான் தோணும். ஆனா கிட்னி அங்க வாசல்லயே நின்னு, கையப் புடிச்சு, மறுபடி உள்ள கூட்டிட்டு வந்துடும். ஏதோ கொஞ்சம்தான் தப்பிப் போவும். மத்தபடி விடவே விடாது.” பிறகு அப்பாவையே பார்த்துச் சொன்னாள். “நாங்க விட மாட்டோம்ப்பா.”

“அப்ப சரிங்க” என்று சொல்லிவிட்டு அப்பா உட்கார்ந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கைடு கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். தேர்வாளர் கொஞ்சநேரம் காகிதத்தைப் புரட்டிவிட்டு, பட்டத்துக்குப் பரிந்துரை செய்வதாக அறிவித்தார்.

கூட்டம் கலைந்ததும் பாயசத்தை மெஸ்ஸுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பழக்க தோஷம், அப்பா துண்டைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அண்டாவை நோக்கிக் குனிந்தார். மேடையிலிருந்து ஓடிவந்த அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

“விடுங்கப்பா. போதும்.”

அண்டாவின் ஒரு பக்கத்துக் காதை அவள் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எத்தனையோ பேர் நின்றிருந்தார்கள். “வாடி, அந்தப் பக்கம் புடி” என்று என்னைக் கூப்பிட்டாள்.

அக்கா இப்போது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அப்பா மூட்டை தூக்குவதில்லை. உயிர்வேதியியல் படித்த நான் ஒரு வங்கியில் நகைக்கடன் எழுதிக்கொண்டிருக்கிறேன். படித்ததெல்லாம் மறந்துவிட்டது, அந்த அரைப் பக்கத்தைத் தவிர. அத்தனை பேர் இருக்க அண்டாவின் இன்னொரு காதை அவள் எனக்குத்தான் கொடுத்தாள் என்பதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. அவ்வளவு பிரியம் எனக்கு அவள்மேல்.